அசையாதே மதினி

செத்துப்போய் நூறு வருஷத்துக்கு மேலான ஒரு மனிதரின் காலைப் படத்தில் பார்த்து, போட்டிருப்பது சொந்தச் செருப்பா இரவல் செருப்பா என்று சொல்லக்கூடியவர் இந்தப் பூமியிலேயே ஒரே ஒருவர்தான். அவர் லண்டனில் இல்லை, சென்னை மியூசியத்திலும் இல்லை. தேனி பஜாரில், ஒரு மருந்துக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே, படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் அசையாதே மதினி.

உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் மாமனார் பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்த பெயரை ரேஷன் கடைக்காரர் மட்டுமே அறிவார். அவருடைய கணவரை பஜார் முழுக்க அண்ணன் என்று கூப்பிட்டதால் இவர் பஜாருக்கே மதினி ஆனார். நான் அப்போது தேனியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, அந்தக் கடையின் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அதனால் மதினிக்கு நான் மாடித் தம்பி.

கடையின் முன்பாதி மதினியின் ராஜ்யம். பிரேம், கண்ணாடி, லேமினேஷன் எல்லாம் அங்கே. பின்பாதியில் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபிளெக்ஸ் டிசைன் செய்வார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மனித வாழ்க்கை முழுவதும் அவர் கையால்தான் ஊருக்கு அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்தவரை தோளில் ஒரு துண்டைத் தவிர வேறெதுவும் போட்டறியாத பெரியவர்கள்கூட, கண்ணை மூடிய மறுநாள் அண்ணன் புண்ணியத்தில் நீலக் கோட்டும் டையுமாக முச்சந்தியில் நிற்பார்கள்.

"இது என்ன அநியாயம் மதினி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுல என்ன தம்பி அநியாயம்? ராணி காலத்துலயும் இதே கூத்துத்தான். அன்னைக்கு ஸ்டூடியோக்காரன் கோட்ட ஆணியில மாட்டி வச்சிருந்தான். இன்னைக்கு இவுக கம்ப்யூட்டர்ல மாட்டி வச்சிருக்காக. கோட்டு ஒண்ணுதான். உள்ள நுழையிற ஆளுகதான் வேற வேற."

ராணி காலம் என்று மதினி சொன்னது விக்டோரியா மகாராணியின் காலத்தை. தடித்த அட்டையில் ஒட்டி, ஓரத்தில் தங்கக் கோடு இழுத்த, பழுப்பேறிய படங்கள் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும். கரையான் அரித்ததும் யாராவது தூக்கிக்கொண்டு புதுப் பிரேம் போட வருவார்கள். மதினி உடனே பிரேம் போட்டுவிட மாட்டார். பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் கவிழ்ந்துவிடுவார். பிறகு அந்தக் குடும்பத்தின் பெருமை என்ன ஆகும் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

நாற்காலி விவகாரத்தைச் சொல்லாவிட்டால் மதினியைச் சொன்னதாகாது. அல்லிநகரத்தில் ஒரு குடும்பம். அவர்களுடைய முப்பாட்டனார் ஒரு பிரமாதமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் அவர்களிடம் இருந்தது. கைப்பிடி முடிகிற இடத்தில் சிங்கத் தலை. அந்த நாற்காலி இப்போது எங்கே என்று கேட்டால் குடும்பமே பல்லைக் கடிக்கும். பாகம் பிரித்தபோது பங்காளி வீட்டார் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தக் கோபத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் கிடையாது.

மதினி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சிங்கத்துக்கு இடது காது உடைந்திருந்தது. எழுந்துபோய் குச்சனூர் விவசாயி ஒருவர் வைத்துவிட்டுப் போயிருந்த படத்தை எடுத்து வந்தார். அவருடைய பாட்டனாரும் அதே சிங்கத்தின் மேல் கை வைத்திருந்தார். பிறகு தன் சொந்தக்காரர்களான பஜார் ஜவுளிக்கடைக் குடும்பத்தின் படத்தையும் எடுத்தார். அங்கே ஒரு உபதேசியார் கையில் வேதப் புத்தகத்தோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது அங்கேயும் இல்லை.

"ஒங்க நாற்காலிய யாரும் தூக்கிட்டுப் போகலைங்க. அது ஒங்க வீட்டுக்கு வந்ததே இல்ல. ஸ்டூடியோ நாற்காலி" என்றார் மதினி.

அல்லிநகரத்துக்காரர் வெளிறிப்போனார். விஷயம் பங்காளி வீட்டுக்கும் எட்டியது. காலம்காலமாக முகம் பார்க்காத இரண்டு வீட்டு ஆண்களும் மறுநாள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கி, தங்கள் குடும்ப நாற்காலியைப் பற்றித் தப்பாகப் பேசியதற்காக மதினியோடு சண்டை போட்டார்கள். போகும்போது ஒருவர் செருப்பை மற்றவர் எடுத்துக் கொடுத்ததை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். மதினிக்கு ஏக சந்தோஷம்.

அடுத்தது துரை விவகாரம். எங்கள் பள்ளத்தாக்கில் பழைய படம் ஒன்றில் வெள்ளைக்காரர் இருந்தால், அவர் அணை கட்டிய துரைதான். அப்பீல் கிடையாது. அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கே சோறு தின்கிறது, அந்த நன்றியில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் மாலை போட்டு, சந்தனம் வைத்து, வருஷாவருஷம் பொங்கல் படைத்துக் கும்பிட்டு வந்த தாடிக்காரத் துரையை மதினி பிரேமிலிருந்து கழற்றினார். அது தகரமாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் பிஸ்கட் டப்பா மூடி.

"என்ன செய்யட்டும்?" என்று கொண்டு வந்தவர் அழாத குறையாகக் கேட்டார்.

"இத்தனை வருசம் பொங்கலச் சாப்பிட்டவரு இனிமே பட்டினி கெடப்பாரா? மாட்டுங்க" என்று சொல்லிப் புதுப் பிரேமே போட்டுக் கொடுத்தார் மதினி.

இனி அந்தப் பெயர் வந்த கதை. பூதக்கண்ணாடியில் பார்த்தும் ஒரு படம் பிடிபடவில்லை என்றால் மதினிக்கு ஒரு வழி இருந்தது. படத்தில் இருப்பவர்கள் நின்றபடி, உட்கார்ந்தபடி நிஜ மனிதர்களை நிற்கவும் உட்காரவும் வைத்துப் பார்ப்பார். "பாத்தாப் புரியாது தம்பி. நின்னாத்தான் புரியும்" என்பார். அந்தக் காலத்தில் படம் பிடிக்கக் கொஞ்ச நேரம் சிலையாக இருக்க வேண்டும், அசைந்தால் முகம் கலங்கிவிடும். ஆகவே நாங்களும் சிலையாக இருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? மதினி சர்ச்சில் பாடும் கீர்த்தனையில் ஒரு சரணம் பாடி முடிக்கும் வரை. மதினியின் குரல் மூக்கில் புறப்பட்டு, போடிமெட்டில் முட்டித் திரும்பும் வகை.

மற்ற நேரமெல்லாம் பிச்சைக்காரரையும் வாங்க போங்க என்றுதான் மரியாதையாகப் பேசுவார். சரணம் ஆரம்பித்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே வார்த்தை, "அசையாதே!" ஆதார் கார்டை லேமினேஷன் செய்ய வந்த பேங்க் மேனேஜரை ஒருநாள் திவானாக உட்கார வைத்துவிட்டார். மூக்கில் ஈ உட்கார்ந்து நடமாடியது. மேனேஜர் அசையவில்லை. ரோட்டில் போன அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடை மாஸ்டர் அதிகம் உட்கார்ந்திருக்கிறார். நான் நல்ல உயரம் என்பதால் எனக்கு எப்போதும் பின்னால் நிற்கிற வேடம்தான்.

ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. போகப்போக அதுவே எனக்குப் பிடித்துப்போனது. இமைக்காமல் நிற்கும்போது முதலில் கண் எரியும், பிறகு நீர் கோர்க்கும். அதற்குப் பிறகு எதிரே இருக்கிற பஜார் மெல்லக் கரையும். வளையல் கடையின் சிவப்பும் பச்சையும் ஒன்றில் ஒன்று கலந்து ஓடும். பஸ் ஸ்டாண்டில் "கம்பம், கம்பம், கம்பம்" என்று கூவுகிற கண்டக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஆடி மாதமாக இருந்தால் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி, கொஞ்சம் சாரலையும் எங்கிருந்தோ ஏலக்காய் வாசனையையும் கொண்டுவந்து முகத்தில் போடும். நான் யார், எந்த ஆபீஸ், பாலிசி டார்கெட்டுக்கு மேனேஜரிடம் என்ன பொய் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் விலகிப் போய்விடும். பெயர் தெரியாத எவனோ ஒருவனின் புழுக்கமான கோட்டு என் கழுத்தில் உறுத்தும். அவனுடைய முழங்கால் எனக்கு வலிக்கும். சரணம் முடிந்து "ம்ம், மூச்சு விடுங்க" என்று மதினி சொல்லும்போது, வெகு தூரம் போய்விட்டு வந்தவனைப்போல ஒரு நிமிஷம் தேனியை அடையாளம் தெரியாமல் விழிப்பேன்.

அப்படி ஒரு ஆடி மாதத்தில்தான் சுருளிப்பட்டியிலிருந்து சின்னக்காளை வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். மஞ்சள் பைக்குள் வேட்டி, வேட்டிக்குள் துண்டு, துண்டுக்குள் படம். பிரித்துப் பலகையில் வைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படத்தில் சிங்க நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் முழங்காலை மூடிக் கம்பளி. அவருக்குப் பின்னால் நம் ஊர் ஆள் ஒருவர், தலைப்பாகையோடு, வெறுங்காலோடு நின்றார். அவருடைய வலது கை உட்கார்ந்திருப்பவரின் தோளில் இருந்தது. இடது கையில் வெள்ளைக்காரரின் தொப்பி.

"நிக்கிறது எங்க பாட்டனாருக்கு அப்பா. உக்காந்திருக்கது அணை கட்டுன தொரை" என்றார் சின்னக்காளை.

"சிங்கம் நமக்குப் பழகின சிங்கந்தான். தொரையப் பொறவு பாப்போம். ஒங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார் மதினி.

சின்னக்காளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "எம்மகளுக்குக் கல்யாணம் தாயி. மாப்பிள்ளை வீடு போடி. பெரிய எடம். நிச்சயத்துக்கு வந்தப்ப மாப்பிள்ளையோட தாய்மாமன், ஏலக்கா யாவாரி, செவுத்துல இந்தப் படத்தப் பாத்தாரு. 'பின்னால நிக்கிறவரு தொரைக்குத் தொப்பி தூக்கினவரா'ன்னு கேட்டாரு. வந்திருந்த சனம் பூராம் சிரிச்சாக. எம்மக காப்பித் தட்டோட நடுவீட்டுல நிக்கிது. அது சிரிக்கல. தட்ட அங்கனயே வச்சிட்டு உள்ள போயிருச்சு."

சின்னக்காளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த வீட்டுலதான் அது போயி வாழணும். நாளப்பின்ன ஒரு சண்டை சச்சரவுன்னு வந்தா, தொப்பி தூக்கின வீட்டுப் பொண்ணுதானன்னு ஒரு வார்த்தை வந்துரும்ல? அதான் தாயி, கல்யாண ஃபிளெக்ஸுல எங்க ஆள உக்கார வச்சிருங்க. தொரை பின்னால நிக்கட்டும். தொப்பிய எடுத்துருங்க. காலுல ஒரு பூட்ஸப் போட்டுருங்க."

பின்னாலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்து, "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, முடிச்சுத் தர்றேன்" என்றார். அவருக்கு இதெல்லாம் வேலையே இல்லை.

மதினி பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "மாத்துறதா இருந்தா நல்லாவே மாத்தித் தாரோம். ஆனா ஒருக்கா நின்னு பாத்துட்டு மாத்துவோம். யாருன்னே தெரியாம ஒருத்தர எந்திரிக்கச் சொல்லக் கூடாதுல்ல?"

அன்றைக்கென்று டீக்கடை மாஸ்டர் ஊரில் இல்லை. எனக்கோ முந்தின நாளிலிருந்து காய்ச்சல். மாத்திரை வாங்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தவனை மதினி வழியிலேயே பிடித்துவிட்டார்.

"மதினி, எனக்குக் குளிர் தூக்குது."

"ஒங்களுக்கென்ன, இன்னைக்கு உக்காருற வேசம்தான். கம்பளியும் கையோட கொண்டாந்திருக்கீக. தொரை மாதிரியே இருக்கீக, உக்காருங்க தம்பி" என்று ஸ்டூலைத் தள்ளினார். என் நீண்ட கால நிற்கும் வாழ்க்கையில் கிடைத்த முதல் பதவி உயர்வு அது. உட்கார்ந்தேன். கம்பளியை மடியில் போட்டார்கள். பின்னால் சின்னக்காளை அவருடைய கொள்ளுப்பாட்டனாராக நின்று, என் தோளில் பட்டும் படாமல் கையை வைத்தார். இடது கையில் தொப்பிக்குப் பதிலாக என் மருந்துச் சீட்டு.

"அசையாதே!" என்றார் மதினி. சரணம் தொடங்கியது.

பஜார் வழக்கம்போலக் கரையத் தொடங்கியது. ஆனால் அன்று அது எனக்கு முன்னால் கரையாமல் எனக்குள் கரைந்தது. மலைக்காற்று உள்ளே நுழைந்ததும் என் பல் கிட்டித்தது. தோள், முதுகு, கால் எல்லாம் என் பேச்சைக் கேட்காமல் நடுங்கின. "அசையாதே! அசையாதே!" என்று சரணத்துக்கு நடுவே மதினி அதட்டினார். அசையாமல் இருக்கத்தான் நானும் பார்த்தேன். ஸ்டூல் தடதடவென்று ஆடியது.

அப்போது சின்னக்காளையின் கை என் தோளை அமுக்கிப் பிடித்தது. அவர் யோசித்துச் செய்யவில்லை. நடுங்குகிற கன்றுக்குட்டியை ஒரு விவசாயி எப்படிப் பிடிப்பாரோ அப்படிப் பிடித்தார். கட்டை விரல் என் தோள்பட்டைக்குப் பின்னால் போய் முட்டுக் கொடுத்தது, மற்ற விரல்கள் முன்னால் அழுந்தின. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, நல்ல சூடு. நடுக்கம் அந்தக் கைக்குள் போய் அடங்கியது. எனக்கு என்னமோ அழுகை வந்தது.

பாட்டு நின்றுபோயிருந்தது. சரணத்தை மதினி பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் படத்தையும் என் தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடுக்காதீக! அப்படியே இருங்க! என்னங்க, இங்கன வாங்க, வெரசா வாங்க!" என்று அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் படத்தை ஸ்கேன் செய்து, அந்தத் தோளை மட்டும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். நாங்கள் எல்லோரும் பின்னால் போய் நின்றோம். வெள்ளைக்காரரின் கோட்டுத் தோளில் நாலு மடிப்பு விழுந்திருந்தது. விரல் அழுந்தினால் விழுகிற மடிப்பு. கட்டை விரல் தெரியவில்லை, பின்னால் முட்டுக் கொடுக்கப் போயிருந்தது. என் சட்டையிலும் அப்போது அதே மடிப்பு இருந்தது.

"இது தோள்ல வச்ச கை இல்ல. ஒரு ஆளத் தாங்கிப் பிடிச்சிருக்க கை" என்றார் மதினி. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். வெள்ளைக்காரரின் முகம் தெளிவாக இருந்தது, ஆனால் கம்பளிக்குக் கீழே ஷூ இரண்டும் கலங்கலாக, இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. "மேல இவரு அமுக்கிட்டாரு, கால அமுக்க ஆள் இல்ல. நடுங்கியிருக்கு." அந்தக் கம்பளியும் துரைமார் பவிசு இல்லை, குளிர்காய்ச்சலுக்குப் போர்த்தியது. "தொப்பிய இவரு ஏன் வச்சிருக்காரு? தலையத் தூக்கவே தெம்பில்லாதவன் தொப்பியத் தாங்குவானா? மாடித் தம்பியோட மருந்துச் சீட்ட இப்ப யாரு வச்சிருக்கா? நீங்கதான? அப்ப நீங்க அவருக்கு வேலக்காரரா?"

சின்னக்காளை கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"கோட்டு, அந்த ஆளுக்கு மணிக்கட்டுக்கு மேல ஏறி நிக்குது. அதுவும் ஸ்டூடியோ கோட்டுத்தான். இவரு பெரிய தொரையா இருக்க முடியாதுங்க. மலையில வேலைக்கு வந்த சின்னப் பய எவனோ. ஊருல ஆத்தாவுக்குப் படம் அனுப்பணும்னு வந்து உக்காந்திருக்கான்."

"தொரை இல்லையா?" என்றார் சின்னக்காளை. முகம் விழுந்துவிட்டது. கொள்ளுப்பாட்டனார் வேலைக்காரர் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தைவிட, துரை கைவிட்டுப் போன துக்கம் அவருக்கு அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். வளையல் கடையை வெறித்துப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"எங்கய்யா ஒண்ணு சொல்லுவாக. காய்ச்ச கண்டு மலையில விழுந்தவுகள, எங்க பாட்டனாருக்கு அப்பாதான் முதுகுல சொமந்து கீழ கொண்டாந்து சேப்பாகளாம். தூக்குற வேலை, வெளிய சொன்னா மதிப்பில்லைன்னு எங்க வீட்டுல அதப் பேச மாட்டாக. தொரைகிட்ட கணக்குப் பாத்தாருன்னு சொல்லிக்கிருவோம்."

மதினி பூதக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் பின்னாலிருந்து, "அப்ப ஃபிளெக்ஸுக்கு என்ன செய்ய? உக்கார வைக்கவா?" என்று கேட்டார்.

சின்னக்காளை எழுந்துபோய்த் திரையை இன்னொரு முறை பார்த்தார். "வேண்டாம். நிக்கட்டும். தொப்பி, காலு எதையும் தொடாதீக. அந்தக் கைய மட்டும் நல்லாப் பெருசாப் போடுங்க" என்றார்.

மதினி சொன்னதெல்லாம் உண்மையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. சாட்சி சொல்ல அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கை என் தோளில் இருந்தது, அது எனக்குத் தெரியும். மாத்திரை வாங்காமலே மாடிக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன், விழித்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. மாத்திரை மிச்சம் என்று மதினி பின்னாளில் பல பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கல்யாணம் கம்பத்தில் ஒரு மண்டபத்தில். நானும் மதினியும் அண்ணனும் போயிருந்தோம். வாசலில் பெண் வீட்டு ஃபிளெக்ஸ் ஒருபக்கம், மாப்பிள்ளை வீட்டு ஃபிளெக்ஸ் மறுபக்கம். பெண் வீட்டு ஃபிளெக்ஸில் அந்தக் கை, மணமக்கள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்றுவிட்டுத்தான் சந்தனத்துக்கே போனார்கள். எனக்குப் பயம். தாய்மாமனை இன்னும் காணோம்.

வந்தார். பட்டு வேட்டி, விரல் நிறைய மோதிரம். ஃபிளெக்ஸுக்கு முன் நின்றார். "சம்பந்தி, நிக்கிறவருதான் ஒங்க ஆளா?" என்று சத்தமாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். மணப்பெண் மேடைக்குப் போகிற வழியில், தோழிகளோடு எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தது.

சின்னக்காளை கும்பிட்ட கையை இறக்கவில்லை. "ஆமா சம்பந்தி. நிக்கிறது எங்க பாட்டனாருக்கு அப்பா. உக்காந்திருக்கவரு யாருன்னுதான் தெரியல. காய்ச்சக்காரப் புள்ள. மலையில விழுந்து கெடந்திருக்கு. எங்காளு சொமந்துட்டு வந்து, விழாமப் பிடிச்சிட்டு நிக்கிறாக" என்றார்.

தாய்மாமன் மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த முறை கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தார். கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லையோ, கேலி செய்யத் தோன்றவில்லையோ, "நல்ல கை" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் சிரித்தது. நிச்சயதார்த்தத்தில் சிரிக்காததையும் சேர்த்துச் சிரித்ததுபோல எனக்குத் தோன்றியது. சின்னக்காளை தூணுக்குப் பின்னால் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் நிம்மதியாகத் திரும்பினால் மதினியைக் காணோம். மறுபக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் பூதக்கண்ணாடி. அங்கே தாய்மாமனின் முன்னோர் ஒருவர் சரிகைத் தலைப்பாகையோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். "எங்கள் பரம்பரை ஆசனத்தில்" என்று கீழே பொன்னெழுத்தில் போட்டிருந்தது. கைப்பிடியில் சிங்கம். பூதக்கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது, இடது காது இல்லை.

அல்லிநகரத்தாரையும் குச்சனூர்க்காரரையும் சொந்த உறவினரையும் விடாத மதினி இவரை விடுவாரா? தாய்மாமன் வேறு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். "என்னம்மா, எங்க ஐயாவ இம்புட்டு உத்துப் பாக்குறீக?" என்றார்.

மதினி பூதக்கண்ணாடியை மடக்கிப் பைக்குள் போட்டார். "கம்பீரமா உக்காந்திருக்காகய்யா. பொண்ண நல்லாப் பாத்துக்கங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, சாப்பிடப் போவோம். பருப்புப் பாயசம்னு சொன்னாக."

பந்தியில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஏன் மதினி சொல்லல?" என்று கேட்டேன். "அந்தப் புள்ள அந்த வீட்டுல வாழணும்ல தம்பி. நாற்காலி ஆட்டம் காணுற வீட்டுல கோவத்த யாரு மேல காட்டுவாக?" என்றார். இலையில் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த வருஷம் எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போனேன். மதினி சாவியை வாங்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். அண்ணன் செல்போனோடு எதிரே வந்து நின்றார். இந்தக் காலத்துக் கேமராவுக்குச் சரணமெல்லாம் தேவையில்லை என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். மதினி கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கை வைத்து, "அசையாதே!" என்றார்.

பஜார் கரைந்தது. அன்று அதற்குக் காரணம் இமைக்காதது மட்டும் இல்லை. என் தோள் குலுங்கியது. அந்தக் கை பிடியை இறுக்கியது. சரணம் முழுவதும் பாடி முடிக்கும் வரை விடவில்லை. கடைசி வரியில் அவர் குரலும் கொஞ்சம் ஆடியது.

அந்தப் படம் இப்போது என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கிற அம்மா யார், வீட்டில் வேலை பார்த்தவரா என்று கேட்கிறார்கள். கிட்டப் போய் என் சட்டைத் தோளைப் பாருங்கள் என்கிறேன்.